பச்சை லைட்டு எரியுதா?

தட்டாதீங்க தம்பி. வெளிய பூட்டியிருக்கு. நானும் வந்ததும் தட்டித்தான் பாத்தேன், கை வலிச்சதுதான் மிச்சம். அவங்களா வந்து திறந்தாத்தான் உண்டு. பயப்பட ஒண்ணுமில்ல, இந்த டிவிக்காரங்க வழக்கமே இதுதானாம். நம்மள யாரும் முன்கூட்டி பாத்துரக் கூடாதுல்ல, அதுக்குத்தான் பூட்டு. போனையும் வாங்கிட்டாங்களா? எனக்கும்தான். ஒரு பிளாஸ்டிக் தட்டுல வரிசையா அடுக்கி வெச்சிருக்காங்க, என்னமோ அடகுக்கடை மாதிரி.

உக்காருங்கய்யா. நீங்க நின்னுக்கிட்டே இருந்தா எனக்குப் படபடங்குது.

அந்த டிவிக்கார ஆளு உங்கள உள்ள விட்டத நானும் பாத்தேன். "அம்மா பக்கமா, அவங்க பக்கமா"ன்னு கேட்டான். நீங்க வாயைத் திறக்குறதுக்குள்ள உங்கள மேலயும் கீழயும் பாத்துட்டு, "அம்மா பக்கம்தான்"னு அவனே சொல்லி உள்ள விட்டுப் பூட்டிட்டுப் போயிட்டான். அம்மா பக்கம்னா என் பக்கம். உங்கள எனக்கு யாருன்னே தெரியாது. வேற குடும்பத்து ஆளை மாத்தி விட்டுட்டான் போல. பரவாயில்ல, எனக்கும் பேச்சுத்துணைக்கு ஆச்சு. காலையில இருந்து ஒத்தையில உக்காந்து சுவரப் பாத்துக்கிட்டிருக்கேன்.

தம்பி, சங்கடப்படாம ஒரு உதவி. இடுப்புக்குப் பின்னாடி ஒரு பெட்டிய செருகி விட்டிருக்காங்க, குத்துது. என்னன்னு பாருங்க. பச்சையா ஒண்ணு எரியுதா? ஆமா, நெஞ்சுல மாட்டி விட்டிருக்காங்களே, இந்த மைக்கோட பெட்டிதான் அது. எரியிறது ஒண்ணுமில்லயாம், பேட்டரி இருக்குன்னு அர்த்தமாம், சஞ்சனா சொன்னா. சரி, விடுங்க. கழட்டுனா அந்தப் பொண்ணு கோவிச்சுக்கும்.

சஞ்சனாங்கிறதுதான் எங்கள இங்க கூட்டியாந்த பொண்ணு. எனக்குச் சோழவந்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜாக்கெட் தைக்கிறேன், பேச்சியம்மா டெய்லர்னா யாரும் காட்டுவாங்க. அந்தக் கடைக்கு வந்து, முக்காலியில உக்காந்து, என் கையப் பிடிச்சுக்கிட்டு "அம்மா, உங்க பையன உங்ககிட்ட சேர்க்கிறது என் பொறுப்பு"ன்னுச்சு. பெத்த பொண்ணு கூட அப்படிப் பேசாது. நான் அப்படியே உடைஞ்சு போயிட்டேன்.

ஆமா தம்பி, என் மகனுக்காகத்தான் வந்திருக்கேன். சோலைராசா. ராசான்னு கூப்பிடுவேன். வீட்ட விட்டுப் போயி மூணு வருசமாகுது. எப்படிச் சொல்றது... இந்தப் பொம்பளை மாதிரி மாறிக்கிறாங்கள்ல, அந்தக் கூட்டத்துல சேர்ந்துட்டான். பேரையும் மாத்திக்கிட்டானாம். அந்தப் பேரை என் வாயால சொல்ல மாட்டேன். நான் வெச்ச பேரு இருக்கைல எனக்கென்ன வந்துச்சு?

இப்ப இந்த மெட்ராஸ்லதான் இருக்கான். போன்ல பேசிப் பேசிப் போடுவானாம், லட்சம் பேரு பாக்குறாங்களாம். என்ன பேசுறான்னு சஞ்சனாகிட்ட கேட்டேன். சினிமாவுல அவங்கள தப்பாக் காட்டுறாங்களாம், கேலி பண்றாங்களாம், அது நிசமில்லைன்னு பேசுறானாம். ஏன்யா, சினிமா நிசமில்லைன்னு யாருக்குத்தான் தெரியாது? இதுக்கு ஒரு பேச்சா? இன்னிக்கும் அதப் பத்திப் பேசணும்னு சொல்லித்தான் அவன வரச் சொல்லியிருக்காங்க. நான் வந்திருக்கிறது அவனுக்குத் தெரியாது.

சொன்னா வருவானா? அதான் சொல்லல.

அவன் மேடையில உக்காந்து பேசிக்கிட்டே இருப்பான். திடீர்னு விளக்க அணைச்சு என் குரல் வரும். காலையிலயே பேச வெச்சு எடுத்துக்கிட்டாங்க. "கண்ணு, அம்மா வந்திருக்கேன், வீட்டுக்கு வந்துரு சாமி." அம்புட்டுத்தான். அதக் கேட்டு அவன் அழுவான், இந்தக் கதவு திறக்கும், நான் நடந்து போகணும். அவன அடிச்சாலும் சரி, கட்டிப் பிடிச்சாலும் சரி, நாங்க தடுக்க மாட்டோம்னு சஞ்சனா சொல்லிருச்சு. நல்ல பொண்ணு.

உங்களுக்கு என்ன வயசு தம்பி? இருபத்தஞ்சு இருக்குமா? ராசாவுக்கும் அதான். உங்கள மாதிரி நறுவிசா சட்டைய இஸ்திரி போட்டு, மீசைய ஒதுக்கி, வாயத் திறக்காம அடக்கமா இருக்கக் கூடாதா? ஆம்பளைப் பிள்ளைன்னா இப்படி இருக்கணும். உங்களப் பெத்தவ குடுத்து வெச்சவ.

ஏன் தம்பி தலைய குனிஞ்சுக்கிட்டீங்க? சரி சரி, வெக்கப்படாதீங்க.

எனக்கு இதப் பத்தி என்ன தெரியும் சொல்லுங்க. எங்க தெருவுல அப்படி யாரும் கிடையாது. படத்துல பாத்ததுதான். ராசா சின்னப் பிள்ளையா இருக்கைல ஒரு தீபாவளிக்குக் குடும்பத்தோட மதுரைக்குப் படத்துக்குப் போனோம். அதுல ஒருத்தன் பொம்பளை வேசம் கட்டி, கையத் தட்டிக்கிட்டு, கதாநாயகன் மேல வந்து விழுவான். அவன் "ச்சீ, தள்ளிப் போ"ன்னு காலாலயே எத்துவான். தியேட்டரே அதிர்ந்துச்சு தம்பி. எனக்குச் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி. என் தம்பி தங்கப்பாண்டி சீட்டு மேல ஏறி நின்னு விசிலடிச்சான். ராசா மட்டும் மூத்திரம் வருதுன்னு எந்திரிச்சுப் போனான், படம் முடியிற வரைக்கும் வரவே இல்ல. தேடிப் போனா வெளிய படிக்கட்டுல உக்காந்திருக்கான். சண்டைப் படந்தான் அவனுக்குப் பிடிக்கும், அதான் எந்திரிச்சுட்டான் போல.

அப்புறம் என் தம்பிக்கு அது ஒரு விளையாட்டாப் போச்சு. ராசா நடைய அவன்தான் முதல்ல கண்டுபிடிச்சான். "ஏலே, அந்தப் படத்துல வந்தவன் மாதிரி ஒருக்கா நடந்து காட்டு"ம்பான். விசேச வீட்டுல சொந்தபந்தம் எல்லாம் சுத்தி உக்காந்துக்கிட்டு நடக்கச் சொல்லுவாய்ங்க. நடப்பான். எல்லாரும் சிரிப்பாய்ங்க. தாய்மாமன் கேலி பண்றதுதான? நான் ஒண்ணும் சொன்னதில்ல. அவனும் கோவிச்சுக்கிட்டதில்ல. நான் பாக்கைல அவன் அழுததே கிடையாது.

ஆனா தையலு! என் கிட்டத்துலயே உக்காந்து கத்துக்கிட்டான் தம்பி. பதினாறு வயசுல என்னைவிட நல்லா வெட்டுவான். ஜாக்கெட்டுக்கு வெத்தலைக் கழுத்துன்னு ஒண்ணு வெப்பேன், முதுகுப் பக்கம் கொடிக்கால் வெத்தலை மாதிரியே காம்போட இறங்கும். எங்க ஊருப்பக்கம் நான் ஒருத்திதான் அத வெட்டுவேன். அவனுக்கு மட்டுந்தான் சொல்லிக் குடுத்தேன்.

ஒருநா கடைக்கு வந்த ஜாக்கெட்ட அவன் போட்டுப் பாத்துக்கிட்டு கண்ணாடி முன்னாடி நின்னான். அன்னிக்குத்தான் தங்கப்பாண்டி பெல்ட்ட எடுத்தான். நான் கதவச் சாத்தினேன், சத்தம் தெருவுக்குக் கேக்கக் கூடாதுன்னு. விடிஞ்சு பாத்தா ஆளு இல்ல.

ஒரு விசயம் சொல்றேன், நீங்க அந்நியம், உங்களோட போகட்டும். சஞ்சனாகிட்ட கூட சொல்லல. என் மகன் செத்துட்டான்னு தெருவுல சொல்லிட்டேன். ஓசூர் பக்கம் ஆக்சிடண்டு, உடம்ப அங்கயே எரிச்சுட்டோம்னு. போட்டோவுக்கு மாலை போட்டு, பதினாறாம் நாள் சோறும் போட்டேன். அப்படிப் பாக்காதீங்க. செத்துட்டான்னா ஊரு நாலு நாளு அழுதுட்டு விட்டுரும். இதச் சொன்னா ஆயுசுக்கும் சிரிக்கும். என் கடை வாசல்ல வந்து நின்னு கையத் தட்டிக் காட்டிச் சிரிப்பாய்ங்க. படத்துல பாத்துப் பழகுன கைதான எல்லாருக்கும்?

மாலை போட்டேன்னா மனசாற போட்டேனா? ராத்திரி கழட்டி வெச்சுட்டுப் படுப்பேன். விடிஞ்சு யாரும் வர்றதுக்கு முன்ன மறுபடி போடுவேன்.

கூட்டிட்டுப் போயி எங்க வெப்பேன்னு கேக்குறீங்களா? நல்லாக் கேட்டீங்க. நேரா வீட்டுக்கு எப்படிக் கூட்டிட்டுப் போறது, செத்தவன? அதுக்கெல்லாம் தங்கப்பாண்டி ஏற்பாடு பண்ணிட்டான். மலையடிவாரத்துல ஒரு இடம் இருக்காம். ஒரு சாமியாரு, பாதி வைத்தியரு. ஆறு மாசம் வெச்சிருந்து ஆம்பளையாத் திருப்பிக் குடுத்துருவாராம். ஒரு சீரியல்ல கூட வந்துச்சே, கோயில்ல கட்டிப்போட்டு, கடைசியில அந்தப் பையன் மீசை வெச்சுக்கிட்டு வந்து அம்மா கால்ல விழுவான். நான் அழுதுட்டேன். அதே மாதிரிதான். மொட்டை அடிச்சு, முதல் கொஞ்ச நாளைக்கு மட்டும் சங்கிலி போடுவாங்களாம், ஓடிரக் கூடாதுல்ல.

தங்கப்பாண்டி பின்வாசல்ல வண்டியோட நிக்கிறான், கூட ரெண்டு ஆளு. வெள்ளை வண்டி. அதோட பின்கதவு உள்ள இருந்து திறக்க வராதாம். அங்கயும் ஒரு கேமரா வெச்சிருக்காங்க. நிகழ்ச்சி முடிஞ்சதும் சஞ்சனாவே ராசாவ இந்த வழிதான்னு பின்வாசலுக்குக் கூட்டிட்டு வந்து விடுறதா...

என்னாங்கய்யா! ஏன் கதவ இந்த இடி இடிக்கிறீங்க? விடுங்க! திறக்க மாட்டாங்கன்னு சொல்றேன்ல? யாராச்சும் வந்து என்னைய ஏசுறதுக்கா? உக்காருங்க. என் பிள்ளைய என்ன கொல்லவா கூட்டிட்டுப் போறோம்? பெத்தவளுக்கு இல்லாத அக்கறை உங்களுக்கு என்ன?

இந்தப் பக்கம் வாங்க, தண்ணி குடிங்க. காலையில ஏதும் சாப்பிட்டீங்களா இல்லையா?

எனக்கும் காலையில இருந்து மனசு ஒரு மாதிரிதான் இருக்கு. ஏன்னு சொல்றேன். அந்தப் பெரிய ஹாலுக்குக் கூட்டிட்டுப் போயிக் காட்டுனாங்க. சனம் உக்காந்திருக்கு. மேடை காலி. ஒருத்தன் நடுவுல நின்னு "சிரிங்க"ங்கிறான். எல்லாரும் சிரிக்கிறாங்க. "போதும், கண்ணத் துடைங்க"ங்கிறான். துடைக்கிறாங்க. "இப்ப வாயில கைய வெச்சு அய்யோன்னு சொல்லுங்க." அம்புட்டுப் பேரும் அய்யோங்கிறாங்க. எதுவுமே நடக்கல தம்பி! மேடையில ஒரு ஈ காக்கா இல்ல! சஞ்சனாவ கேட்டேன், அழுகுறது சரி, அய்யோ எதுக்குன்னு. "எல்லாம் முதல்லயே எடுத்து வெச்சுக்குவோம்மா, எங்க தேவையோ அங்க ஒட்டிக்குவோம்"னுச்சு. சிரிப்பு எதுக்குன்னு கேக்கணும்னு நெனச்சேன். அதுக்குள்ள இங்க கூட்டியாந்து பூட்டிட்டாங்க.

இந்தா, டிவியப் போட்டுட்டாங்க. சத்தம் வராது, படம் மட்டுந்தான். அதே ஹாலுதான். தள்ளி உக்காருங்க, மறைக்குது.

எங்க என் மகன்? அந்தக் கோட்டுப் போட்டவரு நிகழ்ச்சி நடத்துறவரு. இந்தப் பக்கம் கண்ணாடி போட்டவரு சினிமா டைரக்டராம். அந்தப் பக்கம் ஒரு பொண்ணு உக்காந்திருக்கு. ராசாவ இன்னும் கொண்டு வரலையே. பள்ளிக்கூடத்து டீச்சரா இருக்குமா இந்தப் பொண்ணு? என்ன லட்சணமா இருக்கு பாருங்க. பேசுறப்ப கைய ஆட்டாம, நிதானமா... அந்த டைரக்டரு குறுக்கப் பேசுறாரு, அது முடிக்கட்டும்னு காத்திருக்கு பாருங்க. நல்ல இடத்துப் பிள்ளை. ஜாக்கெட்டு தோள்பட்டையில எப்படி உக்காந்திருக்கு! ஒரு சுருக்கம் இல்ல. யாரு தச்சதோ, கையில சாமி இருக்கு.

ராசா வந்தா எப்படி இருப்பானோன்னுதான் நெனச்சுக்கிட்டே இருக்கேன். முகத்துல மாவு அப்பி, ஒதட்டுல சாயம் அடிச்சுக்கிட்டு, கையத் தட்டிக்கிட்டு வருவான். பாத்ததும் நான் முகத்தச் சுளிச்சுரக் கூடாது. அதுதான் என் கவலை.

என்ன தம்பி? என்னத்த மெதுவாச் சொல்றீங்க? கூட வந்தவரா? யாரோட கூட வந்தீங்க?

இந்தப் பொண்ணோடயா?

இருங்க, இருங்க. இன்னொரு தடவை சொல்லுங்க. நீங்க என்ன... பொண்ணாப் பொறந்தவரா? நீங்களா? மீசை இருக்கு! குரலு இருக்கு! விளையாடுறீங்களா என்கிட்ட? அப்படிக் கூட இருக்கா? பொண்ணாப் பொறந்து ஆம்பளையா... நான் எந்தப் படத்துலயும் பாத்ததில்லையே. அதான் அந்த ஆளும் கண்டுபிடிக்கல. உங்க கூட்டத்து ஆளுன்னா சேலை கட்டிக்கிட்டுத்தான் வரும்னு நெனச்சு, உங்கள என் பக்கத்துல சேத்துட்டான்.

அப்ப இந்தப் பொண்ணு...

எந்திரிச்சுத் திரும்புது. முதுகு தெரியுது. தம்பி, அது வெத்தலைக் கழுத்து. காம்போட இறங்குது. அது என் வெட்டு.

எம்புட்டு நேரமாப் பாத்துக்கிட்டிருக்கேன். பெத்த பிள்ளைய எனக்கு அடையாளம் தெரியலையே. ஊரான் பெத்த பிள்ளைன்னு நெனச்சப்ப எம்புட்டு அழகாத் தெரிஞ்சுச்சு எனக்கு! அழகா இருக்கு தம்பி. என்னைய மாதிரியே கழுத்து. நான் கல்யாணம் ஆன புதுசுல இப்படித்தான் இருந்தேன்.

விளக்க அணைச்சுட்டாங்க. டிவியில சத்தமும் வருது இப்ப. சும்மா இருங்க, என் குரல் வரப் போகுது. "கண்ணு, அம்மா வந்திருக்கேன்"னு வரும். கேட்டுட்டுப் பிள்ளை அழுகும். நான் போயி...

இது நான் காலையில பேசுனது இல்லையே.

"என் மகன் செத்துட்டான்னு தெருவுல சொல்லிட்டேன்." தம்பி, இது உங்ககிட்ட சொன்னது! "போட்டோவுக்கு மாலை போட்டு, பதினாறாம் நாள் சோறும்..." இப்பச் சொன்னது, இந்த ரூம்ல சொன்னது! எப்படி அங்க போச்சு? ராத்திரி மாலையக் கழட்டி வெச்சுட்டுப் படுப்பேன்னு சொன்னேனே, அது வரலையே, அத விட்டுட்டாங்களே! அடிப்பாவி சஞ்சனா! பேட்டரின்னியேடி!

விளக்கு மறுபடி வந்துருச்சு. அய்யோங்கிறாங்க பாருங்க. வாயில கைய வெச்சுக்கிட்டு. சிரிக்கிறவனும் இருக்கான், அந்தா, மூணாவது வரிசையில.

அது முகத்தப் பாருங்க. மேல பாக்குது. குரலு எங்க இருந்து வருதுன்னு தேடுது. "அம்மா"ங்குது. கேட்டுச்சா உங்களுக்கு? அம்மான்னுச்சு.

அப்ப நீங்க சொன்னதும் இதுல போயிருக்குமே தம்பி. நீங்க பொண்ணாப் பொறந்தவர்னு என் வாயால நானே திருப்பித் திருப்பிச் சொன்னேனே. அடுத்து உங்களத்தான் மேடைக்கு இழுப்பாங்க. என் பின்னாடி வந்து நில்லுங்க. கதவு திறந்தா நான் மறிச்சுக்கிறேன், நீங்க ஓடிருங்க.

கிளம்பிட்டா. அவ மைக்கக் கழட்டி நாற்காலியில வெச்சுட்டா. கண்ணத் துடைச்சுக்கிட்டுப் போறா. சஞ்சனா வந்து அவ தோள்ல கையப் போட்டுக் கூட்டிட்டுப் போறாளே, எங்கிட்டுக் கூட்டிட்டுப் போறா? முன்வாசல் இந்தப் பக்கம்ல இருக்கு? அது பின்வாசலு. தம்பி, அது பின்வாசலு! அங்கதான் தங்கப்பாண்டி வண்டி நிக்குது!

பேரு என்ன? அவ பேரு என்ன, சீக்கிரம் சொல்லு! ராசான்னா திரும்ப மாட்டா. நிறைமதியா?

நிறைமதி! ஏத்தா நிறைமதி! அம்மா பேசுறேன்! பின்வாசலுக்குப் போகாத! மாமன் வண்டி நிக்குது, ஏறிராத! கதவு உள்ள இருந்து திறக்காது, ஏறிராத கண்ணு! நீ சாகல! நான் சொன்னது பொய்யி! அந்தச் சஞ்சனா கைய உதறிட்டுத் திரும்பி ஓடியா, முன்வாசலுக்கு ஓடியா! நிறைமதி!

திரும்ப மாட்டேங்குறாளே. நடந்துக்கிட்டே இருக்காளே. நீயும் கத்து தம்பி, என் நெஞ்சுகிட்ட வந்து கத்து, மைக்கு இங்கதான் இருக்கு. கதவயும் தட்டு. நல்லா இடி! நான் தட்டாதன்னு சொன்னது தப்பு, இடி!

ஏன் நிக்கிற? ஏன் என் முதுகையே பாக்குற? பெட்டி கீழ விழுந்துருச்சா? இல்ல, குத்துதே, இடுப்புலதான இருக்கு.

பச்சையா எரிஞ்சுச்சே, நீயும்தான பாத்த. இப்ப எரியுதா? சொல்லு தம்பி. எரியுதா இல்லையா?